பிரிட்டிஷ் பீரியட் தொடர்களில் வரும் பழைய கார்களை அடையாளம் காண்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரிட்டிஷ் பீரியட் தொடர்களைப் பார்ப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே சேர்த்திருக்கிறோம். தொடங்கும் முன் ஒன்று: திரையில் வரும் ஒவ்வொரு காருக்கும் மூன்று விதமான வருடக் கணக்கு உண்டு. அந்த மாடல் தயாரான காலம், அந்த வண்டி பதிவான வருடம், கதை நடக்கும் வருடம். கார் பற்றிய சண்டைகளில் பாதி இந்த மூன்றையும் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்வதால் வருபவை.

1. எல்லாப் பழைய காரும் எனக்கு ஒரே மாதிரிதான் தெரியுது. எங்கேருந்து பார்க்க ஆரம்பிக்கணும்?

படத்தை நிறுத்துங்கள். முழு வடிவத்தைப் பார்க்காமல் முதலில் ஹெட்லைட்டைப் பாருங்கள். பித்தளை விளக்கு, பக்கத்தில் அசிட்டிலின் வாயு தயாரிக்கும் சிறு டப்பா என்றால் முதல் உலகப்போருக்கு முந்தைய வண்டி. விளக்கு தனிக் கிண்ணமாகக் கம்பியில் நின்றால் பெரும்பாலும் 1920-களும் 1930-களும். மட்கார்டுக்குள் புதைந்திருந்தால் 1930-களின் கடைசி அல்லது அதற்குப் பிறகு. 1938-ல் வந்த மாரிஸ் எயிட் சீரீஸ் இ இதற்கு நல்ல உதாரணம். மட்கார்டு என்று தனியாக எதுவுமே தெரியாமல் முன்விளக்கிலிருந்து பின்விளக்கு வரை பக்கவாட்டுத் தகடு ஒரே சீராக ஓடினால் 1950-களுக்கு வந்துவிட்டீர்கள்.

அடுத்து கிரில். தயாரிப்பாளர் யார் என்பதை அதுதான் சொல்லும். பானட்டின் இரு ஓரத்திலும் நீளவாக்கில் பள்ளம் ஓடினால் வாக்ஸ்ஹால். ரேடியேட்டரின் மேல்விளிம்பு மடிப்பு மடிப்பாக இருந்தால் டெய்ம்லர். நீல வைரக்கட்டம் ரைலி, எண்கோணம் எம்.ஜி., மூக்கில் ஸ்பிங்ஸ் சிலை உட்கார்ந்திருந்தால் ஆம்ஸ்ட்ராங் சிட்லி. ரேடியேட்டரே துப்பாக்கிக் குண்டின் முனை போல உருண்டிருந்தால் 1913 முதல் 1926 வரை வந்த 'புல்நோஸ்' மாரிஸ்.

2. பழைய கார் எல்லாத்தையும் 'விண்டேஜ்'னு சொல்லலாமா?

பேச்சில் சொல்லலாம், யாரும் அடிக்க வரமாட்டார்கள். ஆனால் பிரிட்டனின் விண்டேஜ் ஸ்போர்ட்ஸ் கார் கிளப் வகுத்த கணக்கில் 1930 டிசம்பர் 31 வரை தயாரானதுதான் விண்டேஜ். 1904 வரை வந்தவை வெட்டரன், 1905 முதல் 1918 வரை எட்வர்டியன். 1931 முதல் 1940 வரை வந்தவற்றில் தேர்ந்தெடுத்த சிலவற்றுக்குத் தனிப் பெயர் உண்டு. 1950, 60-களின் வண்டிகளை அங்கே 'கிளாசிக்' என்பார்கள். இந்தப் பக்கத்தில் எல்லாவற்றையும் கலந்தே பேசுகிறோம்.

3. நம்பர் பிளேட்டை வெச்சே வருஷம் சொல்றாங்களே, அது எப்படி?

பிரிட்டிஷ் நம்பரின் வடிவமே ஒரு காலண்டர். 1904 தொடக்கம் முதல் ஒன்றோ இரண்டோ எழுத்து, பிறகு நான்கு இலக்கம் வரை எண். எண்கள் தீர்ந்துபோகவே 1932-ல் ஸ்டாஃபோர்ட்ஷயர் மூன்றெழுத்து, மூன்று இலக்க முறையைத் தொடங்கியது. அதுவும் தீர்ந்து 1953 முதல் திருப்பிப் போட்டார்கள்: எண் முன்னால், எழுத்து பின்னால். எல்லா மாவட்டமும் ஒரே நாளில் மாறவில்லை. அவரவர் கையிருப்பு தீரத் தீர மாறினார்கள். ஆகவே 1930 கதையில் மூன்றெழுத்து நம்பர் வந்தால் தப்பு. 1938 கதையில் இரண்டெழுத்து வந்தால் தப்பில்லை.

1963-ல்தான் கடைசியில் வருட எழுத்து வந்தது. அந்த வருடம் 'ஏ', 1965-ல் 'சி'. அப்போதுதான் நாடு முழுக்கக் கட்டாயமாயிற்று. 1967-ல் மட்டும் இரண்டு எழுத்து: ஜனவரியில் 'இ', ஆகஸ்டில் 'எஃப்'. அதன்பின் ஆகஸ்டுக்கு ஆகஸ்டு மாறும்: 'ஜே' 1970, 'எம்' 1973, 'ஆர்' 1976, 'ஒய்' 1982. எண்ணோடு குழம்பக்கூடிய ஐ, ஓ போன்ற எழுத்துகளை விட்டுவிட்டார்கள். 1983 ஆகஸ்டில் வருட எழுத்து முன்னால் போய்விட்டது. நம் எல்லோருக்கும் தெரிந்த ஒன்றைப் படித்துப் பாருங்கள்: மிஸ்டர் பீனின் மினி, எஸ்எல்டபிள்யூ 287ஆர். 'எல்டபிள்யூ' லண்டன் குறி. 'ஆர்' என்றால் 1976 ஆகஸ்டுக்கும் 1977 ஜூலைக்கும் நடுவில் பதிவானது.

4. அப்போ நம்பர் சொல்றதை அப்படியே நம்பிடலாமா?

கூடாது. அங்கே நம்பரை ஒரு வண்டியிலிருந்து இன்னொரு வண்டிக்கு மாற்றலாம், விலைக்கு விற்கலாம். வடக்கு அயர்லாந்து நம்பர்களில் வருட எழுத்தே கிடையாது. ஐ அல்லது இசட் எழுத்து உள்ளே இருக்கும். வண்டியின் வயதை மறைக்க விரும்புகிறவர்கள் அவற்றை வாங்கி மாட்டுவது சகஜம். அசல் நம்பரை இழந்த பழைய காருக்கு, அதன் வயதுக்குப் பொருந்தும் வேறொரு பழைய நம்பரை அரசே கொடுப்பதும் உண்டு. ஸ்காட்லாந்தின் கின்ராஸ் போன்ற சின்ன மாவட்டத்தின் குறி, தொடருக்குத் தொடர் வேறு வேறு காரில் தென்பட்டால் காரணம் இதுவாக இருக்கலாம். இதற்கெல்லாம் மேலே, படப்பிடிப்புக்காக மாட்டிய போலிப் பிளேட் வேறு.

பிளேட்டின் நிறத்தையும் பாருங்கள். முன்னால் வெள்ளை, பின்னால் மஞ்சள் பளபளப்புப் பிளேட் 1960-களின் கடைசியில் அனுமதிக்கப்பட்டு, 1973 ஜனவரி 1 முதல் புது வண்டிகளுக்குக் கட்டாயமானது. 1962 கதையில் மஞ்சள் பிளேட் தெரிந்தால் கலை இயக்குநர் குழு அசந்துவிட்டது என்று பொருள். ஆனால் கறுப்புப் பிளேட் எதையும் நிரூபிக்காது. 1980-க்கு முன் தயாரான வண்டிகள் இன்றும் அதைச் சட்டப்படி மாட்டிக்கொள்ளலாம்.

நம்பர் தெளிவாகத் தெரிந்தால் பிரிட்டிஷ் அரசின் வாகன விவரப் பக்கத்தில் இலவசமாகப் போட்டுப் பார்க்கலாம். தயாரிப்பாளர் பெயர், முதல் பதிவுத் தேதி, இன்ஜின் கொள்ளளவு, நிறம் ஆகியவை வரும். மாடல் பெயர் வராது. திரையில் தெரியும் காரும் அங்கே வரும் நிறமும் கொள்ளளவும் ஒத்துப்போனால் பிளேட் அசல். 'ஆஸ்டின்' என்று நினைத்த இடத்தில் ஒரு மொபெட் வந்தால், அது போலி.

5. அம்பாசடர் மாதிரியே ஒரு கார் அடிக்கடி வருதே. இந்தியாவிலேருந்து கொண்டுபோனாங்களா?

இல்லை, இங்கே வந்ததுதான் அங்கிருந்து. 1956 முதல் 1959 வரை பிரிட்டனில் விற்ற மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரீஸ் 3 தான் நம் அம்பாசடரின் அசல். அதற்கு முந்தைய சீரீஸ் 2 இங்கே லேண்ட்மாஸ்டராக வந்தது. இரண்டையும் பிரிக்க பானட்டைப் பாருங்கள். வழவழவென்று உருண்டிருந்தால் சீரீஸ் 2. நீளவாக்கில் மடிப்புகள் ஓடினால் சீரீஸ் 3. பின்விளக்குக்கு மேல் சின்ன வால்துடுப்பு எழுந்திருப்பதும் சீரீஸ் 3-ல்தான். ஆகவே 1955 கதையில் 'அம்பாசடர் முகம்' தெரிந்தால் அது காலத்துக்குப் பொருந்தாது.

சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டின் அசலும் அங்கே நிறைய வரும்: டிரையம்ஃப் ஹெரால்டு, 1959 முதல் 1971 வரை. பானட்டும் முன் மட்கார்டும் சேர்ந்து ஒரே துண்டாக முன்பக்கம் கவிழும். பிரிட்டனில் அது இரண்டு கதவு வண்டி. நான்கு கதவு ஹெரால்டு நம்மூர்ச் சரக்கு.

6. மாரிஸ் மைனர் இல்லாத தொடரே இல்லை. அது எந்த வருஷத்து மைனர்னு எப்படிச் சொல்றது?

1948 அக்டோபரில் வெளியானது, 1971 வரை ஓடியது. வெளியே ஒரே கார் போலத் தெரியும். மூன்று இடம் பார்த்தால் போதும். ஒன்று, ஹெட்லைட். முதல் வண்டிகளில் விளக்கு கீழே, கிரில்லுக்கு இருபுறமும் ஒட்டி இருக்கும். 1951 வாக்கில் உள்நாட்டு வண்டிகளிலும் மட்கார்டின் மேலே ஏறிவிட்டது. இரண்டு, முன்கண்ணாடி. நடுவில் கம்பி வைத்த இரண்டு துண்டு என்றால் 1956 அக்டோபருக்கு முன்; வளைந்த ஒரே கண்ணாடி என்றால் அதற்குப் பின் வந்த மைனர் 1000. பின்கண்ணாடியும் அப்போதுதான் பெரிதாயிற்று. மூன்று, கிரில். உலோக வலை போலத் தடித்திருந்தால் 1954-க்கு முன். கிடைமட்டப் பட்டைகள் என்றால் அதற்குப் பின்.

இண்டிகேட்டரையும் பார்க்கலாம். கதவுக்குப் பின்னுள்ள தூணிலிருந்து சின்னக் கை போல வெளியே நீளுமே, அதுதான் டிராஃபிகேட்டர். மைனரில் 1961 வரை இருந்தது. அதன்பின் மினுக்கும் விளக்கு. ஆனால் இதை முடிவான சாட்சியாக எடுக்காதீர்கள். ஏன் என்று 13-வது கேள்வியில் வருகிறது.

டிராவலர் எனும் எஸ்டேட் வண்டி 1953-ல் வந்தது. பின்பாதியில் தெரியும் மரம் அலங்காரம் அல்ல, உடலைத் தாங்கும் ஆஷ் மரச்சட்டமே அது. நாற்பது வயது தாண்டிய பெரும்பாலான வண்டிகளுக்கு 2018-ல் விலக்கு வரும்வரை, அது உளுத்துப்போன வண்டி வருடாந்திரத் தகுதிச் சோதனையில் தேறாது. படப்பிடிப்புக்கு வரும் வண்டிகளின் மரம் புத்தம் புதிதாக மின்னுவதற்கு அதுவும் ஒரு காரணம். தபால் துறையின் ஆரம்பகால மைனர் வேன்களில் முன் மட்கார்டு ரப்பர். ஹெட்லைட் அதன்மேல் தனியாக, தவளைக் கண் போல நிற்கும். ஒரு தொடரில் அது வந்தால் கார் தேடிய ஆள் தன் வேலையை நேசிக்கிறார் என்று நம்பலாம். இளம் ஊதா நிற மைனர் வந்தால் பேட்ஜைப் பெரிதாக்கிப் பாருங்கள்: பத்து லட்சமாவது மைனரைக் கொண்டாட 350 வண்டிகளை அந்த நிறத்தில் செய்து, 'மைனர் 1000000' என்று எழுதினார்கள்.

7. மினியும் அப்படித்தானே, நாற்பது வருஷம் ஒரே உருவம்?

உருவம் ஒன்று, கதவு வேறு. 1959 ஆகஸ்டில் வந்த முதல் மினிகளின் கதவுக் கீல்கள் வெளியே துருத்திக்கொண்டு தெரியும். கண்ணாடி ஏறி இறங்காது, பக்கவாட்டில் நகரும். 1969 கடைசியில் கீல் உள்ளே போனது, ஏறி இறங்கும் கண்ணாடி வந்தது. வெளிக்கீல் உள்ள வண்டிகளுக்குள்ளும் 1967-க்கு முந்தையவற்றில் கிரில்லின் ஓரங்கள் மீசை போல வளைந்து இறங்கும், பின்கண்ணாடி சிறிது. 1967-க்குப் பின் கிரில் கொஞ்சம் சதுரம், பின்கண்ணாடி பெரிது.

1960-கள் கதையில் பிற்கால மினியை நிறுத்தி, கிரில்லை மட்டும் பழையதாக மாற்றி ஒப்பேற்றுவது உண்டு. கீலை மாற்ற முடியாது. அங்கே பாருங்கள். மினி எஸ்டேட்டில் வரும் மரச்சட்டம், மைனர் டிராவலர் போலன்றி, வெறும் ஒட்டு அலங்காரம்.

8. மோர்ஸ் ஓட்டற ஜாகுவார் மார்க் 2. எண்டெவர்ல வர்றதும் அதேதானா?

இல்லை. 'இன்ஸ்பெக்டர் மோர்ஸ்' துப்பறியும் தொடரில் மோர்ஸின் கார் 1960-ஆம் வருடத்து மார்க் 2, 2.4 லிட்டர் இன்ஜின், நம்பர் 248 ஆர்பிஏ. எண் முன்னால் வரும் முறை, சர்ரே மாவட்டக் குறி: கார் வருடத்தோடு ஒத்துப்போகிறது. கூரையின் கறுப்பு வினைல் உறை பின்னால் போட்டது. 1987-ல் தொடங்கிய அந்தத் தொடரின் கதை, அது எடுத்த காலத்திலேயே நடக்கிறது. ஆக, அந்தக் கார் அப்போதே பழையது, கதாபாத்திரத்தின் ரசனையைக் காட்ட வைத்தது. மோர்ஸின் இளமைக் கதையைச் சொல்லும் எண்டெவர் 1965-ல் தொடங்குகிறது; அதில் மேலதிகாரி தர்ஸ்டேயும் இளம் மோர்ஸும் போவது கறுப்பு மார்க் 1.

பிரிப்பது எளிது. மார்க் 1 (1955–59) ஜன்னல் சட்டங்கள் தடித்தவை, கண்ணாடி சிறிது, உள்ளே உட்கார்ந்தால் குகை மாதிரி இருக்கும். மார்க் 2 (1959–67) ஜன்னல் சட்டம் மெல்லிய குரோம், கண்ணாடி விசாலம். முன்னால் கிரில்லுக்கு இருபுறமும் மார்க் 1-ல் காற்றுத் துளை இருந்த இடத்தில் மார்க் 2-ல் பனி விளக்கு. உள்ளே இருந்து எடுத்த காட்சியில் வேகமானி டேஷ்போர்டின் நடுவில் இருந்தால் மார்க் 1, டிரைவருக்கு நேரே இருந்தால் மார்க் 2. பம்பர் மெலிந்திருந்தால் 1967-க்குப் பின் வந்த 240 அல்லது 340. கிரில் உச்சியில் மடிப்பு தெரிந்தால் முதல் பதிலில் சொன்ன டெய்ம்லர், ஜாகுவார் உடலில் வி8 இன்ஜின். 'மார்க் 1' என்ற பெயர் அந்தக் காலத்தில் கிடையாது. மார்க் 2 வந்தபின் வைத்தது. 1957 கதையில் ஒரு பாத்திரம் 'மார்க் 1' என்று சொன்னால் வசனகர்த்தா சறுக்கிவிட்டார்.

9. ஒரே கார் ஒரு எபிசோட்ல ஆஸ்டின், இன்னொண்ணுல வோல்ஸ்லி. எனக்குக் கண்ணு சரியில்லையா?

கண் சரியாகத்தான் இருக்கிறது. 1952-ல் ஆஸ்டினும், மாரிஸ், எம்.ஜி., ரைலி, வோல்ஸ்லி எல்லாம் அடங்கிய நஃபீல்டு குழுமமும் இணைந்து பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) ஆனது. டீலர்களை இழக்க மனமில்லை. ஆகவே 1958–59-ல் இத்தாலிய வடிவமைப்பாளர் பினின்ஃபரினா வரைந்த ஒரே உடலுக்கு ஐந்து முகம் வைத்து விற்றார்கள்: ஆஸ்டின் ஏ55 கேம்பிரிட்ஜ், மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரீஸ் 5, எம்.ஜி. மேக்னெட் மார்க் 3, ரைலி 4/68, வோல்ஸ்லி 15/60. பக்கவாட்டிலிருந்து பார்த்தால் பெயர் சொல்ல முயலாதீர்கள். முன்புறம் தெரியும்வரை 'பி.எம்.சி. ஃபரினா' என்று சொல்லி நிறுத்திக்கொள்வதே நேர்மை. அகலமான கிரில் ஆஸ்டினும் மாரிஸும். நிமிர்ந்த கிரில் மற்ற மூன்றும், பேட்ஜ் பார்த்துப் பிரிக்கலாம்.

1961-ல் இன்ஜின் 1489 சி.சி.யிலிருந்து 1622 ஆனது. ஆஸ்டின் ஏ60 ஆனபோது வால்துடுப்பும் தாழ்ந்தது. கூர்மையான துடுப்பு தெரிந்தால் ஏ55. இதே விளையாட்டை 1962-ல் 1100 காரிலும் ஆடினார்கள், அங்கே முகங்கள் ஆறு.

10. கறுப்பு போலீஸ் கார் எல்லாம் ஒரே கம்பெனியா?

1950-களின் லண்டன் கதை என்றால் பெரும்பாலும் வோல்ஸ்லி. வரிசை இப்படி: 6/80 (1948–54), 6/90 (1954–59), 6/99 (1959–61), 6/110 (1961–68). இரவுக் காட்சியில் அடையாளம் காண்பதுதான் இன்னும் சுலபம். கிரில் உச்சியில் உள்ள நீள்வட்ட பேட்ஜ் விளக்கு போட்டதும் உள்ளிருந்து ஒளிரும். 1930-களிலிருந்தே வோல்ஸ்லியின் தனி முத்திரை அது. பம்பர் மேல் மணி இருந்தால் சைரனுக்கு முந்தைய காலம்.

கிராமத்துப் போலீஸ் என்றால் கதை மாறும். 1960-களின் யார்க்ஷயரில் நடக்கும் ஹார்ட்பீட்டில் ஃபோர்டு ஆங்லியா 105இ. ஹாரி பாட்டரில் பறந்ததும் அதே மாடல்தான். வெளிர்நீலமும் வெள்ளையும் கலந்த 'பாண்டா' ரோந்து வண்டிகள் 1960-களின் நடுவில்தான் வந்தன. 1958 கதையில் அவை வரக்கூடாது.

11. ஆஸ்டின் செவன், மாரிஸ் எயிட், 14/60, 6/80... இந்த எண்ணெல்லாம் என்ன?

வரி. 1921 முதல் பிரிட்டனில் ஒரு குதிரைத்திறனுக்கு வருடம் ஒரு பவுண்டு கார் வரி. அந்தக் குதிரைத்திறன் உண்மையான சக்தி அல்ல, சூத்திரம்: சிலிண்டர் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து வர்க்கமாக்கி, சிலிண்டர் எண்ணிக்கையால் பெருக்கி, 2.5-ஆல் வகுக்க வேண்டும். ஆஸ்டின் செவனின் விட்டம் 56 மி.மீ., அதாவது 2.2 அங்குலம். 2.2 × 2.2 × 4 ÷ 2.5 = ஏறத்தாழ 7.7. மாரிஸ் எயிட்டுக்கு 57 மி.மீ., கணக்கில் 8.05. பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம் சூத்திரத்தில் இல்லை. அதனால்தான் அக்கால பிரிட்டிஷ் இன்ஜின்கள் ஒல்லியாகவும் உயரமாகவும் இருந்தன.

போருக்கு முன் '14/60' என்றால் வரிக் குதிரைத்திறன் 14, உண்மைச் சக்தி சுமார் 60. 1948-ல் வரி ஒரே சீராக 10 பவுண்டு ஆனதும் முதல் எண்ணின் அர்த்தம் போய்விட்டது. 6/80-ல் 6 என்பது சிலிண்டர் எண்ணிக்கை. 15/60-ல் 15 என்பது 1.5 லிட்டர். வோல்ஸ்லி 18/85 என்ற பெயர் 1930-களிலும் உண்டு, 1960-களிலும் உண்டு. முதலாவதில் 18 வரிக்கணக்கு, இரண்டாவதில் 1.8 லிட்டர். பெயரை மட்டும் வைத்துப் படம் தேடினால் முப்பது வருட இடைவெளியில் இரண்டு கார் வந்து நிற்கும்.

12. இரண்டாம் உலகப்போர் கதைன்னா கார்ல என்ன கவனிக்கணும்?

1939 செப்டம்பரில் இருட்டடிப்பு வந்தது. ஹெட்லைட்டில் கீற்று வைத்த மூடி, பம்பர் முனை, ஃபுட்போர்டு, மட்கார்டு ஓரங்களில் வெள்ளைப் பெயின்ட் இருக்க வேண்டும். பொதுமக்களுக்கான கார் தயாரிப்பு 1940-ல் நின்றுவிட்டது. ஆக 1943 கதையில் வரும் எந்தத் தனியார் காரும் குறைந்தது மூன்று வயதுப் பழசு.

பெட்ரோல் ரேஷன் 1939 செப்டம்பரில் தொடங்கியது. 1942 ஜூலையில் சொந்த உபயோகத்துக்கான அடிப்படைப் பங்கே நிறுத்தப்பட்டு, 1945 ஜூனில்தான் திரும்பியது. அந்த மூன்று வருடத்தில் டாக்டர், போலீஸ் போன்றவர்கள் ஓட்டலாம். காதலர்கள் ஞாயிற்றுக்கிழமை ஜாலியாக ஊர்சுற்றினால் கேள்வி கேளுங்கள். 1940 முதல், நிறுத்திய வண்டியை எதிரி ஓட்ட முடியாதபடி முடக்கிவிட்டுப் போவதும் கட்டாயம். பாத்திரம் பானட்டைத் திறந்து, தீப்பொறியைப் பங்கிடும் சிறு பாகமான ரோட்டர் ஆர்மைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டால், ஆராய்ச்சி ஒழுங்காக நடந்திருக்கிறது.

13. கதை 1939. கார் பார்க்கவும் அந்தக் காலம் மாதிரிதான் இருக்கு. ஆனா 1955 கார்னு ஒருத்தர் அடிச்சுச் சொல்றார். எப்படி?

பெரும்பாலும் அது ஃபோர்டு பாப்புலர் 103இ. 1953 முதல் 1959 வரை தயாரானாலும் உடல் 1939 ஆங்லியாவின் வழி வந்தது: நிமிர்ந்த மூக்கு, குறுகிய பானட், தனித்து நிற்கும் மட்கார்டு. விலையைக் குறைக்க எல்லாவற்றையும் உரித்துவிட்டார்கள். அதுவே அடையாளமாகிவிட்டது: ஒரே ஒரு வைப்பர், குரோம் இல்லாமல் பெயின்ட் அடித்த பம்பர், சிறிய ஹெட்லைட். வைப்பர் இன்ஜினின் உறிஞ்சு காற்றில் ஓடும் என்பதால் மேட்டில் ஏறும்போது தூங்கிவிடும். மழைக் காட்சியில் கவனித்துப் பாருங்கள்.

இன்னொரு பொறி, பின்னால் சேர்த்த பாகங்கள். மினுக்கும் இண்டிகேட்டர் பிரிட்டனில் 1950-களின் நடுவில்தான் பரவியது. ஆனால் இன்று சாலையில் ஓடும் 1930-களின் கார்கள் பலவற்றில் பாதுகாப்புக்காகப் பம்பருக்குக் கீழே ஆரஞ்சு விளக்கு போட்டிருப்பார்கள். உரிமையாளர் ஒருநாள் வாடகைக்கு விடும் வண்டியில் அதைக் கழற்ற முடியாமல் போகலாம். காரின் வருடத்தை அது மாற்றாது. கதையின் வருடத்தை மட்டும் உறுத்தும். முன்கண்ணாடியின் ஓரத்தில் வட்டமான வரிச் சீட்டு இருக்க வேண்டியது 1921 முதல் 2014 வரை. அதன்பின் எடுத்த தொடர்களில் அதை வைக்க மறந்துவிடுகிறார்கள்.

14. லண்டன் டாக்ஸியை வெச்சு வருஷம் சொல்ல முடியுமா?

நன்றாகவே முடியும். டிரைவருக்கு இடப்பக்கம் கதவே இல்லாமல் பெட்டி வைக்கும் திறந்த மேடை இருந்தால் ஆஸ்டின் எஃப்எக்ஸ்3, 1948–58. நான்கு கதவும் இருந்தால் 1958-ல் வந்து 1997 வரை ஓடிய எஃப்எக்ஸ்4. அதிலும் கூரையின் பின் ஓரத்தில் சின்னக் காது போல இண்டிகேட்டர் இருந்தால் 1960-களின் வண்டி.

15. லேண்ட் ரோவர் எல்லாம் ஒண்ணுதானே?

விளக்கு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கிரில் வலைக்குப் பின்னால் என்றால் 1948-ல் தொடங்கிய முதல் இரண்டு மூன்று வருட வண்டி. நடுவில் கிரில்லோடு என்றால் 1968 வரை. வெளியே மட்கார்டு முகப்பில் என்றால் 1968–69-க்குப் பின். பக்கத் தகடு நேர்ச்சுவராக இருந்தால் சீரீஸ் 1. இடுப்பில் லேசாக வளைந்து புடைத்தால் 1958-க்குப் பின். உள்ளே மீட்டர்கள் டிரைவருக்கு நேரே வந்துவிட்டால் 1971-ல் வந்த சீரீஸ் 3.

16. ரெண்டு செகண்ட்ல கடந்து போயிடுது, பின்பக்கம் மட்டும்தான் தெரியுது. அதை என்ன செய்யறது?

பின்கண்ணாடி உள்நோக்கிச் சாய்ந்து, கூரை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பெரும்பாலும் ஆங்லியா 105இ. ஃபோர்டின் கான்சல் கிளாசிக்கிலும் இதே வடிவம் உண்டு, அதை மட்டும் விலக்கிக்கொள்ளுங்கள். பின்கதவின் கீல் பின்னால் இருந்து, கதவு முன்புறமாகத் திறக்கும் கனமான 1950-களின் செடான் என்றால் ரோவர் பி4 என்று முதலில் சந்தேகப்படுங்கள். வண்டுபோல முதுகு வழிந்து இறங்கினால் 1947–53 ஸ்டாண்டர்டு வேன்கார்டு.

சத்தத்தை நம்பாதீர்கள். கார் சத்தம் பெரும்பாலும் எடிட்டிங்கில் சேர்ப்பது. ஸ்டியரிங் இடப்பக்கம் தெரிந்தால் வெளிநாட்டு வண்டி என்று பாயாமல், கடைப் பலகை எழுத்து இடவலம் மாறி இருக்கிறதா பாருங்கள். காட்சியையே கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பியிருப்பார்கள்.

17. பளபளன்னு நீளமா ஒரு 1930 கார். எந்தப் புத்தகத்துலயும் இல்லை. அசல்தானா?

பியூஃபோர்டாக இருக்கலாம். 1980-களில் வந்த கிட் கார், அதாவது பாகங்களாக வாங்கிச் சேர்த்துக் கட்டும் வண்டி. திருமண வாடகைக்கு ஏகப்பட்டது ஓடுகிறது. நீண்ட மூக்குக்குப் பின்னால் பயணிகள் உட்காரும் பகுதி ஆரம்ப வண்டிகளில் மினியின் உடல். கதவையும் முன்கண்ணாடியையும் மட்டும் தனியாக மறைத்துப் பாருங்கள், மினி தெரிந்துவிடும்.

மார்கன் நேர் எதிர். அது அசல்தான், ஆனால் 1936-ல் தொடங்கிய 4/4 வடிவத்தைப் பல தலைமுறையாக அதிகம் மாற்றாமலே செய்தார்கள். ரேடியேட்டர் தட்டையாக நிமிர்ந்திருந்தால் 1950-களின் தொடக்கம் வரை. வளைந்த கிரில்லுக்குப் பின் ஒளிந்திருந்தால் அதற்குப் பிறகு. அதற்கு மேல் பத்தாண்டைப் பிரிக்க நம்பர் பிளேட்டும், 4-வது பதிலில் சொன்ன சோதனையும்தான் வழி.

18. எல்லாம் பார்த்தும் பேர் கிடைக்கலை. யார்கிட்ட எப்படிக் கேக்கணும்?

திரைப்படங்களில் வரும் கார்களைப் படத்தோடு பட்டியலிடும் ஐ.எம்.சி.டி.பி. என்ற தளத்தில் தொடர் பெயரைப் போட்டுப் பாருங்கள். புகழ்பெற்ற தொடர்களின் பின்னணிக் கார்கள்கூடப் பெரும்பாலும் அங்கே ஏறியிருக்கும். இல்லையென்றால் அந்த மாடலின் உரிமையாளர் சங்கத்திடம் கேட்கலாம்.

கேட்கும்போது ஒரு மங்கலான படத்தை அனுப்பி 'இது என்ன கார்?' என்று விட்டுவிடாதீர்கள். முன்புறம், பக்கம், பின்புறம் என மூன்று நிறுத்திய படம், தொடரின் பெயர், எபிசோட், நிமிடக் கணக்கு, கதை நடக்கும் வருடம், படித்தவரையில் நம்பர். ஓடும் காட்சியில் நிறுத்தினால் படம் கலங்கும். கார் திரும்பும் இடத்தில் அல்லது நிற்கும் நொடியில் நிறுத்துங்கள். வீல் கப் தெரியும் படம் ஒன்று இருந்தால் பாதி வேலை முடிந்தது. தயாரிப்பாளரின் எழுத்து பெரும்பாலும் அதன் நடுவில் இருக்கும்.

19. பிரிட்டிஷ் தொடர்ல வர்றதெல்லாம் பிரிட்டிஷ் கார்தானா?

இல்லை. 1912-ல் தொடங்கும் டவுன்டன் அபேயின் முதல் பருவத்துக் கார் ரெனோ, பிரெஞ்சு வண்டி. ரேடியேட்டரை இன்ஜினுக்குப் பின்னால் வைத்ததால் முன்னால் கிரில்லே இல்லாமல் பானட் சரிந்து இறங்கும். கிரில் வைத்துப் பெயர் சொல்லும் முதல் பதிலின் வழி இங்கே செல்லாது. அந்தக் காலப் பணக்கார வீட்டில் பிரெஞ்சுக் கார் நின்றது இயல்புதான்.

சிக்கலான கேஸ் சிட்ரோயன். 'டிராக்ஷன் அவான்' எனும், முன்சக்கரத்தால் இழுக்கும் அதன் தாழ்ந்த கறுப்புக் காரைப் பார்த்ததும் பாரிஸ் என்று தோன்றும். ஆனால் லண்டனுக்கு மேற்கே ஸ்லவ் நகரில் சிட்ரோயனுக்குத் தொழிற்சாலை இருந்தது, அங்கேயும் அதைச் செய்தார்கள். ஸ்லவ் வண்டியில் ஸ்டியரிங் வலப்பக்கம், டேஷ்போர்டு மரம், சீட் தோல், விளக்குகள் பிரிட்டிஷ் நிறுவனமான லூகாஸ் செய்தவை. 1950 லண்டன் கதையில் அந்தக் கார் வந்தால் தப்பில்லை. பாரிஸில் நடப்பதாகச் சொல்லும் காட்சியில் உள்ளே மர டேஷ்போர்டு தெரிந்தால், வண்டி இங்கிலாந்தில் வாடகைக்கு எடுத்தது.